பாலை நிறுத்துவது பாதி சிகிச்சை. திரும்பக் கொடுப்பதே மறுபாதி

"பால் குடிச்சா உடனே வயித்தால போகுதுங்க டாக்டர். அதனால பாலையே நிறுத்திட்டோமுங்க."

குழந்தைகளின் வயிறு, குடல் நோய்களுக்கான எங்கள் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். பொள்ளாச்சி, அன்னூர், சூலூர், காங்கயம் என எந்த ஊரிலிருந்து வந்தாலும் அவர்கள் சொல்லும் வரலாறு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. அவற்றை ஒன்றாகச் சேர்த்து, ஒரே குழந்தையின் கதையாக இங்கே சொல்கிறோம்.

குழந்தைக்கு வயது ஒன்றரை. மார்கழிக் குளிரில் ஒரு நாள் காய்ச்சலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கின. மூன்று நாளில் காய்ச்சலும் வாந்தியும் நின்றன, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. பால் கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள் வயிறு உப்பியது, இரைந்தது. பின்னர் நுரையும் புளிப்பு வாடையும் கொண்ட மலம் நீராகப் பீய்ச்சிக்கொண்டு வந்தது. ஆசனவாயைச் சுற்றித் தோல் சிவந்து புண்ணானது. "பிள்ளைக்குப் பால் சேரலை" என்றார் அமுச்சி. பாலை நிறுத்தினார்கள். இரண்டு நாளில் வயிற்றுப்போக்கு குறைந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

நான்கு மாதம் கழித்து அக்குழந்தை எங்களிடம் வந்தபோது, அதற்கு வயிற்றுப்போக்கு இல்லை. ஆனால் அந்த நான்கு மாதத்தில் எடை சற்றும் கூடவில்லை. முகம் வெளிறியிருந்தது. அரிசிக் கஞ்சியும் பிஸ்கட்டும்தான் முதன்மை உணவாக இருந்தன.

அமுச்சியின் கணிப்பில் பிழையில்லை. அன்று அக்குழந்தைக்குப் பால் செரிக்கவில்லை என்பது உண்மையே. சில நாள்களுக்குப் பாலை நிறுத்தியதும் பெரும் பிழையன்று. நிறுத்திய பாலுக்கு ஈடாக எதுவும் கொடுக்கப்படவில்லை. அதை எப்போது திரும்பக் கொடுப்பது என்று யாரும் கேட்கவுமில்லை. அக்குழந்தையை நலியச் செய்தவை இவ்விரண்டுமே.

செரியாமை எப்படி நேர்கிறது?

பாலில் இயற்கையாக உள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். தமிழில் பாற்சர்க்கரை எனலாம். பசும்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 5 கிராமும், தாய்ப்பாலில் சுமார் 7 கிராமும் பாற்சர்க்கரை உள்ளது. அது அப்படியே இரத்தத்தில் கலக்க இயலாது. லாக்டேஸ் என்னும் நொதி அதை இரண்டு சிறு சர்க்கரைகளாகப் பிளந்த பிறகே குடல் அதை உறிஞ்சுகிறது.

அந்த நொதி சிறுகுடலின் உட்புறத்தில் பூந்துவாலையின் நூல்களைப் போல நெருங்கி நிற்கும் குடல்உறிஞ்சிகளின் நுனிப் பகுதியில் சுரக்கிறது. ரோட்டா வைரஸ் போன்ற கிருமிகள் குடலைத் தாக்கும்போது முதலில் சிதைவது அந்த நுனிதான். நுனி சிதைந்தால் நொதி குறையும். செரிக்காத பாற்சர்க்கரை பெருங்குடலுக்குச் செல்லும். அங்கே தன்னோடு நீரை ஈர்த்துக்கொள்ளும். அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவும் அமிலமும் உண்டாக்கும். உப்புசமும் நுரையும் புளிப்பு வாடையும் தோல் புண்ணும் இவ்வாறே ஏற்படுகின்றன.

சிதைந்த நுனி மீண்டும் வளரக்கூடியது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஓரிரு வாரங்களிலும், சிலருக்குச் சற்றுக் கூடுதலான வாரங்களிலும் நொதி மீள்கிறது. இரண்டு வயதுக் குழந்தையிடம் நாங்கள் காணும் பாற்சர்க்கரைச் செரியாமை பெரும்பாலும் இந்தத் தற்காலிக வகையே.

"எனக்கும் பால் குடித்தால் வயிறு உப்புகிறது, அதே குறைதானே குழந்தைக்கும் வந்திருக்கிறது?" என்று தந்தையர் சிலர் கேட்பதுண்டு. தென்னிந்தியரில் பெரும்பாலோருக்கு வளர வளர லாக்டேஸ் குறைவது உண்மை. அது மரபுவழி வருவது. ஆனால் அதன் அறிகுறிகள் மூன்று வயதுக்கு முன் தென்படுவது மிக அரிது. பிறவியிலேயே அந்த நொதி இல்லாத நிலை அதனினும் அரிது. அக்குழந்தைக்குப் பிறந்த சில நாள்களிலேயே, தாய்ப்பாலிலேயே, கடுமையான வயிற்றுப்போக்கு தோன்றிவிடும். ஆகவே, ஒன்றரை ஆண்டுகள் பால் குடித்து நன்றாக வளர்ந்த குழந்தைக்குத் திடீரெனப் பால் சேரவில்லை என்றால், பழுது அண்மையில் நேர்ந்தது என்றே கொள்ள வேண்டும்.

செரியாமை வேறு, ஒவ்வாமை வேறு

இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் நேரும் தீங்கு பெரிது. செரியாமைக்குக் காரணம் பாலிலுள்ள சர்க்கரை. ஒவ்வாமைக்குக் காரணம் பாலிலுள்ள புரதம். செரியாமை துன்பம் தரும். உயிருக்கு நேரடி ஆபத்தாவதில்லை. ஒவ்வாமை சில வேளைகளில் உயிரையே அச்சுறுத்தும்.

பால் அருந்திய பின் தோலில் தடிப்பு, உதடு அல்லது கண்ணிமை வீக்கம், மூச்சிரைப்பு, தொடர் வாந்தி, மலத்தில் இரத்தம், நெடுநாளாக ஆறாத கரப்பான் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அதைச் செரியாமை என்று எண்ணி வீட்டிலேயே சோதித்துப் பார்க்கக் கூடாது. லாக்டோஸ் நீக்கப்பட்ட பாலிலும் அந்தப் புரதம் உள்ளது. ஆகவே ஒவ்வாமையுள்ள குழந்தைக்கு அதுவும் ஆகாது.

வேறு பாலுக்கு மாறினால் சரியாகுமா?

நம் பகுதியில் அடிக்கடி சொல்லப்படும் சில மாற்று வழிகள் உள்ளன. அவற்றை ஏளனம் செய்வது எங்கள் நோக்கமன்று. பயன் உண்டா என்பதை மட்டும் சொல்கிறோம்.

நாட்டு மாட்டுப் பால்: காங்கயம் பசுவின் பால் 'ஏ2' பால் என்று கூடுதல் விலைக்கு விற்கப்படுகிறது. ஏ1, ஏ2 என்ற வேறுபாடு பாலிலுள்ள ஒரு புரதத்தைப் பற்றியது. பாற்சர்க்கரையின் அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. செரியாமைக்கு அது தீர்வாகாது. ஒவ்வாமையுள்ள குழந்தைக்குப் பாதுகாப்பும் ஆகாது.

எருமைப் பால், ஆட்டுப் பால்: இவற்றிலும் பசும்பாலை ஒத்த அளவில் பாற்சர்க்கரை உண்டு. புரதமும் நெருங்கிய உறவுடையது. எனவே பசும்பால் ஒவ்வாத பெரும்பாலான குழந்தைகளுக்கு இவையும் ஒவ்வாது.

கழுதைப் பால்: தெருவில் கறந்து ஒரு பாலாடை அளவில் கொடுப்பார்கள். இதில் பாற்சர்க்கரை பசும்பாலைவிட அதிகம். காய்ச்சாமல் கொடுப்பதால் கிருமித் தொற்றும் நேரலாம்.

தேங்காய்ப் பால், பாதாம் பால்: இவற்றில் பாற்சர்க்கரை இல்லை. ஆனால் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிகக் குறைவு. சமையலில் சேர்க்கலாம், குழந்தையின் பாலுக்கு ஈடாக வைக்க இயலாது.

'மாந்தம்' என்று சொல்லிக் குடல் தட்டுவதையும், தொண்டைக்குள் விரல் விட்டோ ஊதியோ 'தொக்கம்' எடுப்பதையும் தவிர்க்குமாறு வேண்டுகிறோம். நீரிழந்து தளர்ந்த குழந்தைக்கு இவை காயத்தையும் காலதாமதத்தையும் மட்டுமே தரும்.

முதல் இரண்டு வாரம் செய்ய வேண்டியவை

வயிற்றுப்போக்கு தொடங்கியவுடனேயே பாலை நிறுத்தத் தேவையில்லை. பெரும்பாலான குழந்தைகள் வழக்கமான பாலையும் உணவையும் உட்கொண்டே நலமடைகிறார்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலை எக்காரணத்தாலும் நிறுத்த வேண்டாம். அதில் பாற்சர்க்கரை மிகுதி என்பது உண்மையே. ஆயினும் குடலைக் காக்கும், ஆற்றும் பொருள்களும் அதிலேயே உள்ளன. வயிற்றுப்போக்கின்போதும் குழந்தைகள் அதைப் பொதுவாக நன்றாகவே ஏற்கின்றனர்.

ஓ.ஆர்.எஸ். கரைசலே முதல் மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் வாய்பாட்டின்படி அமைந்தது என அச்சிடப்பட்ட பொட்டலத்தை வாங்கி, அதில் குறிப்பிட்ட அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். ஒரு லிட்டருக்கான பொட்டலமும் 200 மில்லிக்கான பொட்டலமும் கடைகளில் கிடைப்பதால், அளவைப் படித்துப் பார்ப்பது முக்கியம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் துத்தநாக மருந்து 14 நாள்கள் தரப்படுகிறது. வயிற்றுப்போக்கு நான்காம் நாளே நின்றுவிட்டாலும் 14 நாளையும் நிறைவு செய்ய வேண்டும்.

அட்டைப் பெட்டியில் விற்கப்படும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பிக் கொடுத்தவர்கள் பலர். அவற்றிலுள்ள மிகுதியான சர்க்கரையும், செரிக்காத பாற்சர்க்கரையைப் போலவே, குடலுக்குள் நீரை ஈர்த்து வயிற்றுப்போக்கை மோசமாக்கும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், அத்தகைய பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல் இடம்பெறக் கூடாது என ஆணையிட்டது. நம் தோப்புகளில் கிடைக்கும் இளநீர் நல்ல பானமே. ஆனால் வயிற்றுப்போக்கில் இழந்த உப்பை ஈடுசெய்யும் அளவு சோடியம் அதில் இல்லை; ஆகவே அது ஓ.ஆர்.எஸ். கரைசலுக்கு மாற்றாகாது.

ஐயம் எழுந்தால்: நிறுத்திப் பார்த்தல், கொடுத்துப் பார்த்தல்

வயிற்றுப்போக்கு ஒரு வாரத்தைத் தாண்டி நீடித்து, பால் கொடுக்கும்போதெல்லாம் மிகுந்தால், பாற்சர்க்கரைச் செரியாமையை ஐயுறலாம். அப்போது முதலில் ஒரு நோட்டில் குறிப்பெழுதத் தொடங்குங்கள்: எத்தனை மணிக்கு என்ன கொடுத்தோம், எவ்வளவு, அதன்பின் எத்தனை முறை மலம் போனது, எப்படி இருந்தது. நான்கைந்து நாள் குறிப்பு எங்களுக்குப் பல பரிசோதனைகளைவிட உதவுகிறது.

மலப் பரிசோதனை தேவைப்பட்டால் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ளுங்கள். மலத்தின் அமிலத்தன்மையும் செரிக்காத சர்க்கரையும் அதன் நீர்ப்பகுதியில்தான் தெரியும். டயப்பர் அந்த நீரை உறிஞ்சிவிட்டால் முடிவு தவறாகும். எனவே டயப்பரின் உட்புறத்தில் ஒரு தூய பிளாஸ்டிக் தாளை விரித்து, நீர்ப்பகுதியைச் சேகரித்து, உடனே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். பாலை முன்பே நிறுத்திவிட்டு வந்தால் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. குழந்தை பால் அருந்திக்கொண்டிருக்கும்போதே மாதிரி எடுக்க வேண்டும். பெரியவர்களுக்குச் செய்யும் மூச்சுக்காற்றுப் பரிசோதனைக்கு இவ்வயதினர் ஒத்துழைப்பது கடினம்.

மருத்துவர் பரிந்துரைத்தால், இரண்டு வார காலத்துக்குப் பாற்சர்க்கரையைக் குறைக்கிறோம். பல குழந்தைகளுக்கு முழுமையாக நீக்க வேண்டியதில்லை. பாலைத் தனியே கொடுக்காமல், அளவைப் பாதியாக்கிக் கஞ்சியிலோ களியிலோ கலந்தும், மீதிக்குத் தயிரும் கொடுத்தாலே போதுமானதாகிறது. பால் தயிராகும்போது பாற்சர்க்கரையின் ஒரு பகுதி அமிலமாக மாறிவிடுகிறது. எஞ்சியதைச் செரிக்கத் தயிரிலுள்ள நுண்ணுயிர்களே துணைபுரிகின்றன. நம் வீடுகளில் பழகிய தயிர்ச்சோறு இவ்வகையில் நல்ல மருந்துணவு. இதுவும் போதவில்லை என்றால் மட்டுமே லாக்டோஸ் நீக்கிய பால் அல்லது பால்மாவைப் பரிந்துரைக்கிறோம். அந்நாள்களில் பிஸ்கட், சாக்லேட், ஊட்டச்சத்துப் பான மாவு, பால்கோவா போன்றவற்றிலும் பால் பவுடர் கலந்திருக்கக்கூடும் என்பதைக் கவனியுங்கள். நெய்யில் பாற்சர்க்கரை இல்லை எனலாம். அதைத் தாராளமாகச் சேர்க்கலாம்.

குறைத்ததும் அறிகுறிகள் தணிந்தால் ஐயம் வலுப்படுகிறது, உறுதியாவதில்லை. வயிற்றுப்போக்கு தானாகவே அடங்கும் வேளையும் அதுவாக இருக்கலாம். பாலைத் திரும்பக் கொடுத்துப் பார்த்த பிறகே உண்மை தெரியும். இந்தக் கட்டத்தில்தான் பல குடும்பங்கள் அஞ்சி நின்றுவிடுகின்றன. ஒவ்வாமையின் அறிகுறி எதுவும் இல்லாத குழந்தைக்கு நாங்கள் பரிந்துரைக்கும் முறை இது:

முதல் 3 நாள்கள்: சோற்றுடன் தயிர்; சில கரண்டியில் தொடங்கி 100 கிராம் வரை.
4 முதல் 6ஆம் நாள் வரை: ராகிக் கஞ்சியில் 30 மில்லி பால் கலந்து, நாளுக்கு இருமுறை.
7 முதல் 9ஆம் நாள் வரை: ஒவ்வொரு முறையும் 60 மில்லி.
10 முதல் 12ஆம் நாள் வரை: ஒவ்வொரு முறையும் 100 மில்லி.
அதன்பின் வயதுக்கேற்ற வழக்கமான அளவு.

வெறும் வயிற்றில் பாலை மட்டும் கொடுக்காமல், உணவோடு சேர்த்துக் கொடுங்கள். ஒரு நாள் மலம் சற்று இளகினால் அஞ்ச வேண்டாம். நீர்போன்ற வயிற்றுப்போக்கு திரும்பினால் முந்தைய படிக்கு இறங்கி, ஓரிரு வாரம் பொறுத்து மீண்டும் முயலுங்கள். பால் மீண்டும் குடலைத் தாக்கிக் கெடுத்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. செரிக்காத பாற்சர்க்கரை அசௌகரியம் தருமேயன்றிக் குடலைப் புண்ணாக்குவதில்லை.

பாலை முற்றிலும் நீக்கியும் இரண்டு வாரத்தில் மாற்றமில்லை என்றால் காரணம் வேறு. குடல் ஒட்டுண்ணி, கோதுமைப் புரதத்தால் வரும் குடல்நோய், பால் புரத ஒவ்வாமை, மிகுதியான பழச்சாறு என அவற்றைத் தனித்தனியே ஆராய வேண்டும். அந்நிலையில் பாலை மேலும் நிறுத்திவைப்பதில் பொருளில்லை.

பால் இல்லாத நாள்களில் தட்டில் என்ன இருக்க வேண்டும்?

நாளுக்கு அரை லிட்டர் பால் குடித்துவந்த குழந்தைக்கு அதை நிறுத்தினால் 300 கலோரிக்கும் மேல் இழப்பாகிறது. அது இரண்டு வயதுக் குழந்தையின் ஒரு நாளைய தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதோடு 15 கிராம் அளவுக்குப் புரதமும் போகிறது. நீர்த்த அரிசிக் கஞ்சியால் இதை ஈடுசெய்ய இயலாது. குழந்தை மெலிவதற்கு இதுவே காரணம்.

ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைக்கிறது. கொங்கு நாட்டுச் சமையலறையில் அதற்கு வழியுண்டு. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கும் மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. எள்ளில் இன்னும் பல மடங்கு. நன்கு அரைத்த எள்ளுப்பொடியைக் களியில் சேர்க்கலாம். முருங்கைக் கீரை, கெட்டியாகக் கடைந்த பருப்பு, நெய்விட்டுக் குழைத்த அரிசி பருப்புச் சாதம், முட்டை ஆகியவை புரதத்தையும் ஆற்றலையும் தரும். நிலக்கடலையை முழுதாகக் கொடுத்தால் மூச்சுக்குழலில் சிக்கிவிடும். பொடித்தோ அரைத்தோ மட்டுமே கொடுங்கள்.

புலால் உண்ணாத வீடுகளில் பி12 வைட்டமின் பெரும்பாலும் பாலிலிருந்தே கிடைக்கிறது. அவ்வீட்டுக் குழந்தைக்குப் பால், தயிர் இரண்டையும் மாதக்கணக்கில் நிறுத்தினால் இரத்தசோகையும் வளர்ச்சித் தடையும் நேரலாம். முட்டையும் கொடுப்பதில்லை எனில் மருத்துவரிடம் அதைத் தெரிவியுங்கள்.

உடனே வர வேண்டியது எப்போது?

குழந்தை துவண்டுபோதல், கண் குழிந்திருத்தல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, எதைக் குடித்தாலும் வாந்தி, மலத்தில் இரத்தம், பச்சை நிற வாந்தி, மூச்சிரைப்பு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் இரவு பகல் பாராது மருத்துவமனைக்கு வாருங்கள். வயிற்றுப்போக்கு 14 நாளைக் கடந்தாலும், எடை குறைந்தாலும் காலம் தாழ்த்த வேண்டாம்.

வருமுன் காக்கும் வழியும் உண்டு. இந்தியாவில் உருவான ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தின் பெரும் ஆய்வு டெல்லி, புணே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் நடைபெற்றது. 2017ஆம் ஆண்டு முதல் தமிழகத்தின் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்து இடம்பெற்றுள்ளது. பிறந்த 6, 10, 14ஆம் வாரங்களில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது கட்டணமின்றிக் கிடைக்கிறது. எல்லா வயிற்றுப்போக்கையும் அது தடுக்காது. ஆனால் குடலைக் கடுமையாகச் சிதைக்கும் ஒரு நோயின் தீவிரத்தைக் குறைக்கிறது. வீட்டில் அடுத்த குழந்தை பிறக்கும்போது இதை மறவாதீர்கள்.

முதலில் சொன்ன குழந்தையிடம் திரும்புவோம். அத்தகைய குழந்தைகளுக்கு நாங்கள் எழுதிக்கொடுக்கும் மருந்துச் சீட்டு பெரும்பாலும் சிறியதே: மேலே சொன்ன உணவு, தேவையெனில் இரும்புச் சத்து, தயிரில் தொடங்கிப் பாலுக்கு ஏறும் படிகள். அவர்களில் மிகப் பலர் இரண்டு மூன்று வாரத்தில் மீண்டும் பால் குடிக்கிறார்கள். குடல் எப்போதோ ஆறியிருந்தது; வீட்டாரின் அச்சம்தான் ஆறாமல் இருந்தது.

உங்கள் வீட்டுக் குழந்தைக்குப் பாலை நிறுத்தியிருந்தால், எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள் என்பதை நோட்டில் எழுதுங்கள். அதன் கீழேயே, திரும்பத் தொடங்கிப் பார்க்கும் தேதியையும் எழுதுங்கள். அடுத்த முறை வரும்போது அந்த நோட்டையும் கொண்டுவாருங்கள். நாங்கள் முதலில் அதைத்தான் கேட்போம்.